மனச்சிதைவு உள்ள தம்பிக்கு ஓவியமும் பாட்டும் சிகிச்சையா, பொழுதுபோக்கா?

ஒரு அக்கா கேட்டிருக்கிற கேள்வி இது. தம்பிக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் போய்விட்டது. ஆனால் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை, சொன்னால்தான் குளிக்கிறார், நண்பர்கள் யாரும் இல்லை, போன் அடித்தாலும் எடுப்பதில்லை. ஊரில் ஒரு டே கேர் சென்டரில் ஓவியம், பாட்டு, நாடகம் எல்லாம் சிகிச்சையாகத் தருகிறோம் என்கிறார்களாம். சேர்க்கலாமா, சேர்த்தால் மாத்திரையைக் குறைக்கலாமா, அவனுக்கு ஒரு கோடு கூட நேராகப் போட வராதே, என்று கேட்கிறார்.

மாத்திரையை முதலில் பேசி முடித்துவிடலாம். அதில் கை வைக்க வேண்டாம். குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் பார்த்து முடிவு செய்வது, படம் வரைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக இருக்கிறானே என்று மாத்திரையை நிறுத்தி, சில மாதத்தில் மறுபடி குரல்கள் வந்து, அட்மிட் ஆகி, முன்பிருந்த நிலைக்குத் திரும்பவே ரொம்ப காலம் பிடித்த பலரை, மறுவாழ்வுப் பணியில் இருக்கிற நான் பார்த்திருக்கிறேன். கலையாலேயே குணமாக்குகிறோம், மருந்தே வேண்டாம் என்று எந்த இடத்திலாவது சொன்னால் வாசலோடு திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் ஓவியமும் பாட்டும் எதற்கு? நீங்கள் எழுதியிருப்பதிலேயே பதில் இருக்கிறது. இந்த நோயில் இரண்டு வகையான தொல்லைகள் உண்டு. இல்லாத குரல் கேட்பது, சந்தேகம், பேச்சு தாறுமாறாகப் போவது, இவையெல்லாம் ஒரு வகை, மாத்திரை பெரும்பாலும் இவற்றைத்தான் நன்றாக அடக்கும். இன்னொரு வகை சத்தம் போடாதது. எதையும் தொடங்கத் தோன்றாது, எதிலும் சுவை இருக்காது, பேச்சு ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையோடு நின்றுவிடும், முகத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டில் இதைத்தான் சோம்பேறித்தனம், திமிர் என்று திட்டுகிறோம். இதுவும் நோய்தான், ஆனால் இதற்கு இன்றைய மாத்திரைகள் அவ்வளவாகப் போதவில்லை. (மாத்திரையின் தூக்கக் கலக்கமோ, கூடவே வந்த மனச்சோர்வோ ஒரு பங்கு காரணமாக இருக்கலாம், அதையும் அடுத்த ஓ.பி.யில் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், சரிசெய்ய வழி உண்டு.) மாத்திரை நிற்கும் இந்த இடத்திலிருந்துதான் கலை வழிச் சிகிச்சையின் வேலை தொடங்குகிறது.

இதை யாராவது கேட்டால் நான் பிரேசில் கதையைச் சொல்வேன். நீசி ட சில்வெய்ரா என்று ஒரு மனநல மருத்துவர். 1905-ல் பிறந்தவர், பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் 1926-ல் படிப்பை முடித்தவர். இடதுசாரிப் புத்தகங்கள் வைத்திருந்தார் என்று 1936-ல் பிடித்துச் சிறையில் போட்டார்கள், வெளியே வந்த பிறகும் 1944 வரை அரசு வேலைக்குத் திரும்ப முடியவில்லை. திரும்பியது ரியோ டி ஜெனீரோவில் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ என்ற பகுதியில் இருந்த பெரிய மனநல மருத்துவமனைக்கு. இவர் இல்லாத அந்த வருடங்களில் மின்அதிர்ச்சி, இன்சுலின் ஊசி போட்டு நினைவிழக்க வைக்கும் இன்சுலின் கோமா, மூளை நரம்பை வெட்டும் லோபோடமி எல்லாம் புதிய சிகிச்சைகளாக வந்து உட்கார்ந்திருந்தன. மின்அதிர்ச்சிக் கருவியின் பொத்தானை அழுத்தச் சொன்னபோது இவர் மறுத்துவிட்டார். (அன்று கொடுத்தது மயக்க மருந்து இல்லாத மின்அதிர்ச்சி. இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு, இசிடி என்று உங்கள் டாக்டர் சொல்லும் இன்றைய மின்அதிர்ச்சிச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம்.)

மறுத்தவரை, யாரும் பெரிதாக மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே நோயாளிகள் செய்தது பெருக்குவதும் கழுவுவதும்தான். 1946-ல் அந்தப் பிரிவில் ஓர் ஓவிய அறையைத் திறந்தார் நீசி. அதே மருத்துவமனையில் வேலை பார்த்த அல்மிர் மாவின்யேர் என்ற இளம் ஓவியர் உதவிக்கு வந்தார். அறையின் விதி எளிமையானது. காகிதம், தூரிகை, வண்ணம், களிமண் எல்லாம் இருக்கும், என்ன வரைய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பார்த்து வரைய மாதிரி கிடையாது, யாரும் திருத்தமாட்டார்கள். பல வருடம் வார்டில் வாய் திறக்காமல் கிடந்தவர்கள் வந்து உட்கார்ந்து வரையத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஃபெர்னாண்டோ டினிஸ் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா ஏழைத் தையல்காரி, பணக்காரர் வீடுகளுக்குத் தைத்துக் கொடுப்பவர். பையன் அம்மாவோடு போய் அந்த வீடுகளைப் பார்த்தபடி வளர்ந்தவன். பின்னாளில் நோய் வந்து, அடைக்கப்பட்டு, இந்த ஓவிய அறைக்கு வந்து சேர்ந்தபோது ஆரம்பப் படங்களில் பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன, எது எங்கே என்றே தெரியாது. காலப்போக்கில் பொருட்கள் தனித்தனியாகப் பிரிந்தன. பிறகு அறையின் ஒரு மூலை வந்தது. பிறகு நாற்காலி, மேஜை, பியானோ எல்லாம் அததன் இடத்தில் இருக்கிற முழு அறைகள் வந்தன. சிதறிப்போன உலகத்தை ஒரு மனிதன் தானாக அடுக்கி எடுப்பதைப் படங்களிலேயே பார்க்கலாம் என்று நீசி காட்டினார். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைத் தேதி வரிசையில் பத்திரப்படுத்தியதால்தான் தெரிந்தது. அதற்காகவே 1952-ல் அங்கேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார், இன்று அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. 1957-ல் சூரிக் நகரில் நடந்த உலக மனநல மாநாட்டில் இந்தப் படங்களின் கண்காட்சியைத் திறந்து வைத்தவர் புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங்.

லூசியோ என்பவரின் கதை நேர் எதிர். களிமண்ணில் அருமையான சிற்பங்கள் செய்து வந்தார். நீசி எவ்வளவோ தடுத்தும் 1949-ல் அவருக்கு லோபோடமி செய்தார்கள். அந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்த எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1949-ல்தான். அறுவைக்கு முன்னால் செய்த சிற்பங்களையும் பின்னால் செய்தவற்றையும் நீசி அருகருகே வைத்துக் காட்டினார். பின்னால் செய்தவற்றில் பழைய உருவமும் இல்லை, கைத்திறனும் இல்லை. அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று வாயால் வாதாட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

நீசியின் வேலையில் எல்லோரும் படங்களைத்தான் நினைவில் வைக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பக்கத்தில் உட்கார்ந்தவர். ஒவ்வொரு அறையிலும் ஒரு உதவியாளர் இருப்பார், திருத்தமாட்டார், விசாரிக்கமாட்டார், அன்போடு கூடவே இருப்பார், அவ்வளவுதான். அந்த ஆள் இல்லாத நாளில், அல்லது பிடிக்காத ஆள் வந்த நாளில், அதே வண்ணமும் அதே காகிதமும் இருந்தும் வேலை நின்றுவிடும் என்பதை நீசி திரும்பத் திரும்ப எழுதினார். நாய், பூனைகளைக் கூட உடன் சிகிச்சையாளர்களாகச் சேர்த்துக்கொண்டவர் அவர். அப்புறம், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் கொஞ்ச நாளில் திரும்பவும் அட்மிட் ஆவதைப் பார்த்து, 1956-ல் ரியோவில் காசா தாஸ் பல்மெய்ராஸ் என்ற பகல்நேர மையத்தைத் தொடங்கினார். காலையில் வந்து வேலை செய்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். உங்கள் ஊர் டே கேர் சென்டரும் இந்த வகைதான்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஓவியர்களில் பலர் கடைசிவரை மருத்துவமனையோடு பிணைந்தேதான் வாழ்ந்தார்கள், நோய் போய்விடவில்லை. ஓவிய அறை தொடங்கி ஆறு வருடம் கழித்துத்தான் முதல் மனநோய் மருந்தான குளோர்ப்ரோமசினே மருத்துவர்கள் கைக்கு வந்தது. அவர்களுக்கு மருந்து இல்லாமல் கலை மட்டும் கிடைத்தது, நம் ஆட்களில் பலருக்கு மருந்து மட்டும் கிடைக்கிறது. உங்கள் தம்பிக்கு இரண்டும் கிடைக்க வழி இருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால், கலவையான பதில்தான். 2012-ல் வெளிவந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு மனச்சிதைவு உள்ள 417 பேரை எடுத்துக்கொண்டு, சிலரை வாரம் ஒருமுறை குழு ஓவியச் சிகிச்சைக்கும், சிலரை வேறு குழு நடவடிக்கைகளுக்கும் அனுப்பி, மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்து, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தது. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஓவியச் சிகிச்சை வேலைக்காகாது என்று பலரும் முடித்துக்கொண்டது இதை வைத்துத்தான். ஆனால் ஓவியச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேர் ஒரு வகுப்புக்குக் கூடப் போகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. எதையும் தொடங்க முடியாமல் இருப்பதே நோயாக இருக்கும் ஒருவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வாரம் ஒருநாள் வா என்றால் எப்படி வருவார்? அந்த ஆய்வு எனக்குச் சொல்வது, அனுப்பி வைத்தால் மட்டும் ஆகாது, கூட்டிக்கொண்டு போக வேண்டும், அடிக்கடி இருக்க வேண்டும், அவருக்குப் பிடித்த வகையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

இசைக்குக் கிடைத்த ஆதாரம் இதைவிட நம்பிக்கை தருவது. மனச்சிதைவுக்கு இசைச் சிகிச்சை பற்றி 18 ஆய்வுகளை, மொத்தம் 1215 பேரை, சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேரும்போது பொது நிலையும், அந்தச் சத்தம் போடாத அறிகுறிகளும், மற்றவர்களோடு பழகுவதும் கொஞ்சம் மேம்படுகின்றன, ஆனால் போதுமான எண்ணிக்கையில் வகுப்புகள் இருக்க வேண்டும், நடத்துபவரும் தரமாக இருக்க வேண்டும் என்றது. எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும், முக்கியமாக இந்த வகை அறிகுறிகளுக்காக, கலை வழிச் சிகிச்சைகளைக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். நம் ஊரில் பென்சிலைத் தொடவே கூச்சப்படும் ஆள் கூட எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று ஓடினால் தொடையில் தாளம் போடுவார். அந்தத் தாளத்திலிருந்து ஆரம்பித்து, பக்கத்தில் இருப்பவர் அதே தாளத்தைத் திருப்பித் தட்டி, ஒரு கஞ்சிராவையோ கைத்தட்டலையோ கொடுத்து வாங்கி என்று போகலாம். வார்த்தையே இல்லாமல் இருவர் பேசிக்கொள்ளும் வாய்ப்பு அது.

அறைக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், குழுவில் கடைசி நாற்காலியில் உட்காருவார். களிமண் உருண்டையைக் கையில் கொடுத்தால் கட்டை விரலால் நடுவில் அழுத்துவார், தட்டையாக்குவார், திரும்ப உருட்டுவார், நேரம் முடிந்ததும் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். வாரக்கணக்கில் இதேதான். நடத்தியவர் பானை செய்யலாமா, பிள்ளையார் செய்யலாமா என்று ஒருமுறை கூடக் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு உருண்டையை அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த மனிதர் தன் உருண்டையை அவர் பக்கம் தள்ளி, "காஞ்சு போச்சு, தண்ணி வேணும்" என்றார். வீட்டில் தாகத்துக்குக் கூடத் தண்ணீர் கேட்காதவர் என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். ஒரு பொருள் மேல் அக்கறை வந்து, அதற்கு என்ன தேவை என்று தெரிந்து, இன்னொரு ஆளிடம் கேட்டார். இந்தச் சிகிச்சை தேடுவது இதைத்தான். உங்கள் தம்பிக்குக் கோடு நேராக வருகிறதா என்பது ஒரு விஷயமே இல்லை, நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் சில சமயம் பழைய திறமையோடு ஒப்பிட்டு மனம் உடைகிறது.

சென்டருக்குப் போகும்போது யார் நடத்துகிறார், எங்கே பயிற்சி பெற்றார், மனநல மருத்துவரோடு தொடர்பு இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒரு வார இறுதிப் பட்டறைக்குப் போய்வந்துவிட்டு ஆர்ட் தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒரு குழுவில் எத்தனை பேர் என்று பாருங்கள், எட்டு பத்துப் பேருக்கு மேல் போனால் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. அச்சடித்த படத்துக்கு நாள் முழுக்கக் கலர் அடிக்க வைப்பது, போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது, விருந்தினர் வரும்போதெல்லாம் ஆட வைப்பது, இவை நடந்தால் வேறு இடம் தேடுங்கள். கருப்பு வண்ணம் போட்டால் மனச்சோர்வு, மரத்துக்கு வேர் இல்லாவிட்டால் பாதுகாப்பின்மை என்று படத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்களிடமிருந்தும் தள்ளியே இருங்கள். அவர் கைக்குக் கிடைத்த கிரேயான் கருப்பாக இருந்திருக்கலாம். படம் எதைச் சொல்கிறது என்று வரைந்தவர்தான் சொல்ல முடியும், அதுவும் அவருக்குத் தோன்றும்போது. காகிதப் பை, மெழுகுவர்த்தி செய்து விற்கிறார்கள் என்றால் அது தொழில் பயிற்சி, அதுவும் நல்லதுதான், ஆனால் கூலி கொடுக்க வேண்டும். மனநல நிலையத்தில் யாரையும் கட்டாய வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன 2017 சட்டத்திலேயே இருக்கிறது.

சென்னையில் இருந்தால் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-ல் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகளிடம் மறுவாழ்வு பற்றி விசாரிக்கலாம். வேறு ஊர் என்றால் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எதுவும் அமையாவிட்டால் வீட்டில் ஆரம்பிக்கலாம், வீட்டில் நடப்பதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது, ஆனாலும் பயன் உண்டு. தடிமனான ஆயில் பேஸ்டல், பெரிய சார்ட் பேப்பர், களிமண், இவை போதும். மெல்லிய பென்சில் வேண்டாம். சில மாத்திரைகளால் கை நடுங்கும், விரல் இறுகும், மெல்லிய பென்சிலைப் பிடிக்கத் திணறி, என்னால் முடியாது என்று வைத்துவிடுவார். (அந்த நடுக்கத்தை டாக்டரிடமும் சொல்லுங்கள், குறைக்க மருந்து இருக்கிறது.) தூக்கக் கலக்கம் தெளிந்த ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாலை. தினமும் அதே நேரம், அதே இடம், இருபது நிமிடம். அவரை உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குத் தோன்றியதை வரையுங்கள், கோலம் போட்டாலும் சரி. அவர் ஒன்றும் செய்யாமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் அன்றைக்குப் போதும். "இது என்னடா?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்று கைதட்டவும் வேண்டாம், இந்தப் பச்சை நல்லா இருக்கு என்பது போல் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். எல்லாத் தாளிலும் பின்பக்கம் தேதி எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள், கிறுக்கலாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது உங்களுக்கே ஏதாவது தெரியவரும்.

அந்தப் படங்கள் அவருடையவை. அவரைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. சென்டர்காரர்கள் கண்காட்சிக்கோ பத்திரிகைக்கோ கேட்டாலும் அவர் சம்மதம் வேண்டும், சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். பெருமையாகத்தான் செய்வீர்கள், தெரியும், ஆனால் ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் அவர் திரும்பக் காகிதத்தைத் தொடமாட்டார்.

எவ்வளவு நாளில் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். மாதக் கணக்கில் யோசியுங்கள். முதல் மாதம் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய வேலையாக இருக்கும், கூடவே போங்கள், முடியும்வரை வெளியே உட்கார்ந்திருங்கள், கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டால் திட்டாமல் கூட்டி வாருங்கள். முன்னேற்றத்தைப் படத்தில் தேடாதீர்கள். வகுப்பு உள்ள நாளில் தானாக எழுந்து குளித்தால், அங்கே ஒருவரின் பெயரை வீட்டில் வந்து சொன்னால், என்றைக்காவது தனியாக பஸ்ஸில் போய்வந்தால், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் போயும் வெறுப்பு மட்டும்தான் மிச்சம் என்றால் ஓவியத்தை விட்டுவிட்டு இசைக்கோ, நாடகத்துக்கோ, தோட்ட வேலைக்கோ மாற்றிப் பாருங்கள்.

சில நேரங்களில் இதை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரைந்துகொண்டே இருப்பது, தாள் முழுக்க யாரோ கட்டளையிடுவது போன்ற வரிகள் நெருக்கி எழுதப்பட்டிருப்பது, படங்களை யாரோ திருடுகிறார்கள் என்று ஒளித்து வைப்பது, இவை நோய் திரும்புவதற்கான ஆரம்ப அடையாளங்களாக இருக்கலாம், அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்க வேண்டாம். சாவு பற்றி எதையாவது வரைந்தாலோ எழுதினாலோ மழுப்பாமல் நேராகக் கேளுங்கள், செத்துப் போகணும்னு தோணுதா என்றே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மனஸ் எண் 14416, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.